அசுணமும் மெடூசாவும்

விஞ்ஞானப் புனைகதைகளில் வரும் அயற்கோள் உயிர்களிடம் எங்களுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை வேடம் புனைந்த மனிதர்கள். நெற்றியில் கூடுதலாக ஒரு கண், பச்சைத் தோல், கையில் ஆறு விரல். மற்றபடி அவை நம்மைப் போலவே அரசு நடத்தும், போர் தொடுக்கும், மூன்றாம் அத்தியாயத்தில் காதலிக்கவும் செய்யும். கோயில் தூணில் யாளியைச் செதுக்கிய சிற்பி இக்கதாசிரியர்களைவிடத் துணிச்சல்காரர். சிங்கத்தின் உடலில் யானையின் துதிக்கையைப் பொருத்தி அதை இத்தனை நூற்றாண்டுகள் நம்மை நம்ப வைத்துவிட்டார். என்றாலும் யாளியும் ஒட்டுவேலைதான். உறுப்புகள் யாவும் நாம் முன்பே கண்டவை. முற்றிலும் வேறான ஓர் உலகில், அவ்வுலகின் விதிகளுக்கு உட்பட்டு, ஓர் உயிர் எவ்வாறு இருக்கக்கூடும் என்று கேட்டு விடை கண்ட கதைகள் அரிது. அப்படி ஒன்றைச் சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் வாசித்தோம். அதுபற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

குன்னூரில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய வட்டம் இது. கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கும் எங்களில் சிலர், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் நண்பர், ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலர் ஒருவர், மழை இல்லாத நாட்களில் தலைகாட்டும் மாணவர்கள். வாசித்த கதை ஆர்தர் சி. கிளார்க்கின் ‘எ மீட்டிங் வித் மெடூசா’. 1971 டிசம்பரில் முதன்முதலாக அச்சேறிய குறுநாவல். பின்னர் நெபுலா விருதும் பெற்றது. (அச்சேற்றிய இதழ் ‘பிளேபாய்’. அந்த இதழைக் கல்லூரி நூலகரிடம் கேட்கும் நெஞ்சுரம் எங்களில் எவருக்கும் இல்லாமையால் பின்னாளில் வந்த தொகுப்பு ஒன்றில்தான் படித்தோம்.)

கதைச் சுருக்கம் சிறிது. ஹோவர்ட் ஃபால்கன் என்பவன் பூமியில் ஒரு மாபெரும் வான்கப்பலின் தலைவன். அது நொறுங்கி விழுகிறது. பல ஆண்டுகள் கழித்து அவன் ‘கான்-டிக்கி’ என்னும் பலூனில் தன்னந்தனியாக வியாழனின் மேகங்களுக்குள் இறங்குகிறான். அங்கே, ஒரு மைலுக்கும் அதிகமான அகலத்தில், கீழ்நோக்கித் தொங்கும் எண்ணற்ற கைகளுடன் மிதக்கும் உயிர் ஒன்றைக் காண்கிறான். கடலில் காணும் சொறி மீனின் வடிவம். விலங்கியலார் சொறி மீனின் குடை வடிவ உடலை மெடூசா என்பார்கள். கூந்தலுக்குப் பதில் பாம்புகள் நெளியும் கிரேக்கப் புராணப் பெண்ணின் பெயர் அது. ஃபால்கன் கண்டதற்கும் அப்பெயரே அமைகிறது.

ஏன் சொறி மீன்? இங்கேதான் கிளார்க்கின் நேர்மை இருக்கிறது. வியாழனில் கால் ஊன்றத் தரை இல்லை. இறங்க இறங்க அழுத்தமும் வெப்பமும் ஏறிக்கொண்டே போகும். எனவே அங்கு வாழும் உயிர் ஓர் உயரத்தில் தங்கி மிதந்தாக வேண்டும். சுற்றியுள்ள காற்றோ பெரும்பகுதி ஹைட்ரஜன். வாயுக்களிலேயே எடை குறைந்தது. அதைவிட இலேசான வாயு வேறில்லை. ஆகவே ஹைட்ரஜனையே சூடாக்கி உள்ளே அடைத்துக்கொள்ள வேண்டும். பையின் விட்டம் 2 மடங்கானால் தோலின் பரப்பு 4 மடங்காகும், உள்ளே அடங்கும் காற்று 8 மடங்காகும். ஆகையால் பெரிதாக இருப்பதே அங்கு இலாபம். எலும்பு வேண்டாம், பாதம் வேண்டாம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எஞ்சுவது ஒரு குடையும் சில தொங்கு கைகளும்தான். நம் கடல்களில் ஏறத்தாழ முழுவதும் நீரால் ஆன உடலோடு, மூளையும் இதயமும் இல்லாமல், ஐம்பது கோடி ஆண்டுகளாக உலவும் உயிரும் இதே கணக்கைத்தான் போட்டுவைத்திருக்கிறது.

கதை வந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1976இல், கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் இதே வினாவை ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். வியாழனின் வளிமண்டலத்தில் மூழ்குபவை, மிதப்பவை, வேட்டையாடுபவை என்று உயிர்கள் இருக்கக்கூடுமா என்பதைச் சமன்பாடுகளுடன் ஆராய்ந்த கட்டுரை. வானியற்பியலின் மதிப்புமிக்க ஏடு ஒன்றில் வெளிவந்தது. மிதப்பவை கிலோமீட்டர் கணக்கில் அகன்றிருக்கலாம் என்பது அவர்களுடைய கணிப்பு. இன்று ஊக உயிரியல் என்று ஒரு துறையே பேசப்படுகிறது. கதைக்குப் பின்னால் கணிதம் நடந்து வந்தது என்று எங்கள் மாணவர்களிடம் சொன்னபோது அவர்களுக்கு அது பிடித்திருந்தது. இலக்கியம் படிப்பவர்கள் இப்படிப்பட்ட செய்திகளைச் சேர்த்துவைத்துக்கொள்வது நல்லது. வேலைவாய்ப்பு நேர்காணல்களில் உதவாது எனினும்.

இந்த உயிரைக் கிளார்க் எங்கிருந்து எடுத்தார் என்பது எங்கள் உரையாடலின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. இரண்டு மூலங்கள் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது அவர் பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் பணியில் இருந்தவர். 1945இல், பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்கள் வழியாக உலகெங்கும் ஒலிபரப்ப முடியும் என்று ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதியவர். ஆக, வானொலி அலை அவருக்குக் கைப்பழக்கம். இரண்டாவது, கடல். 1956இல் இலங்கை வந்தவர், 2008 மார்ச் 19 அன்று மறையும்வரை அத்தீவையே தம் வீடாகக் கொண்டார். (நம் சுஜாதா மறைந்தது அதே ஆண்டு பிப்ரவரி 27. சரியாக மூன்று வார இடைவெளி.) வந்த ஆண்டிலேயே திருகோணமலைக் கடலில் மூழ்கித் திரிந்தார். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசுவரர் கோயிலின் தூண்களும் கற்களும் சுவாமிமலைப் பாறையின் அடியில், நீருக்குள் கிடப்பதைக் கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் கண்டனர். பாடல் பெற்ற தலத்தின் எச்சங்களுக்கிடையே நீந்திய மனிதர், பின்னாளில் வியாழனின் ஆழங்களை எழுதும்போது அந்நீரின் அழுத்தத்தை மறந்திருப்பார் என்று நாங்கள் நம்பவில்லை. அவருடைய மெடூசா, ரேடாரும் இலங்கைக் கடலும் கூடிப் பெற்ற பிள்ளை.

கதையின் உச்சம் இவ்விரண்டும் கூடும் இடத்தில்தான் வருகிறது. மெடூசாவின் விலாவில் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் கட்டமாக ஒரு கோலம் தென்படுகிறது. வரிக்குதிரையின் வரிபோல அழகுக்கு என்றோ எதிரியை ஏமாற்ற என்றோ முதலில் எண்ணத் தோன்றும். வியாழனின் துணைக்கோள் ஒன்றிலிருந்து கண்காணிக்கும் விஞ்ஞானியே அது என்னவென்று கண்டுகொள்கிறார். அது ஆன்டெனாக்களின் வரிசை. வியாழன் கடும் வானொலி இரைச்சலை உமிழும் கோள் என்பது 1955இலேயே தெரியவந்த செய்தி. இத்தகைய இரைச்சலின் நடுவே தோன்றிய உயிர், கண்ணைக் காட்டிலும் வானொலிச் செவியை வளர்த்துக்கொள்வது இயல்பு அல்லவா?

இவ்விடத்தில் மாணவி ஒருத்தி எழுந்து, “நம்ம முத்தோரை மாதிரி” என்றாள். நாங்கள் ஒரு கணம் வாயடைத்துப் போனோம்.

நீலகிரிக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக: உதகைக்கு அருகே முத்தோரையில், காரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மலைச்சரிவில் வானொலித் தொலைநோக்கி ஒன்று சாய்ந்து கிடக்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 வளைந்த சட்டங்களுக்கு மேலே 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப்பும் (1929–2020) அவருடைய இளம் குழுவினரும் வடிவமைத்து, 1970இல் நிறைவேற்றினார்கள். முழுக்க இந்தியப் பொறியாளர்களின் ஆக்கம். அதன் சூட்சுமம் கருவியில் பாதி, மலையில் பாதி. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால் அதை ஒரே அச்சில் உருட்டியே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். அதற்கு, அவ்விடத்தின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி வடக்கு தெற்காகச் சாய்ந்த ஒரு மலை வேண்டும். தேடினார்கள், 11 டிகிரிச் சரிவு இங்கே கிடைத்தது. கேட்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். தொடக்க ஆண்டுகளில் அது செய்த வேலை எங்களைப் போன்றவர்களுக்கும் புரியக்கூடியது. சந்திரன் தன் வழியில் நகர்ந்து ஒரு தொலைதூர வானொலி மூலத்தை மறைக்கும். மறையும் கணத்தில் ஒலி எப்படித் தேய்கிறது என்று கவனித்து அம்மூலத்தின் இடத்தையும் அளவையும் கணக்கிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு அங்கே சென்றபோது மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பிகள் சில வினாடி மின்னி, பிறகு மறைந்தன. மேலே வியாழனிலிருந்து ஒரு மெடூசா இறங்கி வந்து பார்த்தால், அடிவாரம் தெரியாத பனிக்கடலில் மிதக்கும் இம்மலையை ஓர் உயிரென்றும், அதன் விலாவில் உள்ள வரிகளைச் செவியென்றும் எடுத்துக்கொள்ளும். அதைப் பிழையென்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கேட்பதையே உயிர்வாழ்வாகக் கொண்ட கற்பனை உயிர் நம்மிடமும் உண்டு. அதுவும் மலைக்கு உரியது. அசுணம். விலங்கு என்பாரும் உளர், பறவை என்பாரும் உளர். உரைகாரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இன்னிசைக்கு மயங்கும், வன்மையான பறையொலி கேட்டால் உயிர்விடும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். அகநானூற்றின் 88ஆம் பாட்டில் அது வருகிறது. மதம் ஒழுகும் யானையை வண்டுகள் மொய்த்து ஒலிக்க, பாறைப் பிளவில் இருக்கும் அசுணம் அதை யாழிசை என்று கருதிச் செவிசாய்க்கிறது. அவ்வளவுதான் அது செய்வது. எத்தகைய உடல் என்று புலவர் சொல்லவில்லை; ஒரு செவியை மட்டும் பாறைக்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கிளார்க் பல பக்கங்களில் கட்டியெழுப்பியதை இங்கே ஓர் அடியில் காண்கிறோம் என்று சொன்னால் மிகையென்பீர்கள்; சொல்லத்தான் தோன்றுகிறது. பாடியவர் பெயர் ஈழத்துப் பூதன்தேவனார். மெடூசாவும் அசுணமும் ஒரே தீவின் பெயரோடு சேர்ந்து வருவது தற்செயல்தான். தற்செயல்களில் மகிழ்வது இலக்கியம் படிப்பவர்களின் உரிமை.

ஆனால் அசுணத்தை மனிதன் எதிர்கொள்ளும் பாட்டு வேறொன்று உண்டு. நற்றிணை 304, மாறோக்கத்து நப்பசலையார் பாடியது. தலைவனின் மார்பு கூடியிருக்கையில் இன்பமும் பிரிகையில் துன்பமும் தருவது; ஆகவே அது அசுணத்தைக் கொல்பவரின் கையைப் போன்றது என்கிறாள் தலைவி. வேடன் முதலில் யாழை மீட்டுவான். அசுணம் மயங்கி அருகில் வரும். பிறகு அதே கை பறையை அறையும். உவமையின் கூர்மையை வகுப்பில் எத்தனையோ முறை வியந்து விளக்கியிருக்கிறோம். அசுணத்தின் பக்கத்திலிருந்து அப்பாட்டைக் கேட்டுப் பார்த்தது இம்முறைதான்.

கிளார்க்கின் கதையில் நேர்மாறு நடக்கிறது. விலாவில் இருப்பது ஆன்டெனா என்று தெரிந்ததும், இவ்வுயிருக்கு அறிவு இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுகிறது. ஐயம்தான், முடிவன்று. உடனே முதன்மை விதி நினைவூட்டப்படுகிறது. அயலுலகில் அறிவுள்ளதாக இருக்கக்கூடிய உயிரைக் கண்டால், மனிதனே ஒதுங்கி நிற்க வேண்டும்; தன் உயிருக்கு ஆபத்து என்றாலும் அதற்குத் தீங்கிழைக்க அவனுக்கு உரிமை கிடையாது. மெடூசாவின் கை பலூனைத் தொட வரும்போது ஃபால்கன் செய்வது தப்பி ஓடுவதுதான்.

இவ்விதியைப் படித்தபோது எங்களுக்குள் ஓர் உறுத்தல் ஏற்பட்டது. கதை எழுதப்பட்ட காலமும் இடமும் காரணம்.

எங்கள் அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். பாட்டனார் பிறந்ததும் அங்கேதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிறகு 1974இல் பேசி, அவர்களைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அம்மாவின் குடும்பம் 1972இல் வந்தது. மெடூசா அச்சேறியதற்கு அடுத்த ஆண்டு. அவருக்கு அப்போது 13 வயது.

கிளார்க்கைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவே அவரைப் படிக்கிறோம். ஆயினும் அத்தீவின் மேசையொன்றில், இல்லாத ஓர் உயிரிடம் மனிதன் எவ்வளவு பணிவோடு நடந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர் சிந்தித்துக்கொண்டிருந்த நாட்களில், நூறு கிலோமீட்டர் தொலைவில் மனிதர்கள் எண்ணி எண்ணிக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதை எங்களால் ஒதுக்கிவைக்க இயலவில்லை.

அம்மா தம் வாழ்நாளில் கடலை அருகிலிருந்து பார்த்தது அந்தத் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பலில் மட்டுமே. மண்டபம் முகாமில் சில நாட்கள், பிறகு இரயில், பிறகு கோத்தகிரிப் பக்கம் மீண்டும் கொழுந்து. கப்பலில் பெரியவர்கள் அழுதுகொண்டிருக்க, பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். “வெள்ளக் குடை கணக்கா, ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டம் கூட்டமா. தண்ணியவே முடிஞ்சு விட்ட மாதிரி இருக்கும். விரிஞ்சு விரிஞ்சு சுருங்கும். அது பாட்டுக்கு நம்ம கப்பலோடயே வந்துச்சு” என்பார். சொறி என்று அதற்குப் பெயர் என்பதும், தொட்டால் அரிக்கும் என்பதும் கப்பலில் யாரோ சொல்லித் தெரிந்ததாம். கிளார்க்கின் கதையை அவருக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். ஒரு மைல் அகலம் என்றதும், “அம்புட்டுப் பெருசு பட்டா அரிப்பு எந்தக் காலத்துல அடங்கும்?” என்றார். வாசகர் வட்டத்தில் எவரும் கேட்காத கேள்வி.

கதையின் முடிவை அவருக்குச் சொல்லவில்லை. ஃபால்கனின் உடல், அந்த வான்கப்பல் விபத்துக்குப் பிறகு பெரும்பகுதி இயந்திரம். கடைசிப் பக்கங்களில்தான் கிளார்க் இதை வெளிப்படையாகச் சொல்கிறார். இனி மனிதரோடும் முழுமையாகச் சேர முடியாது, இயந்திரங்களோடும் முழுமையாகச் சேர முடியாது. இரண்டுக்கும் நடுவே நிற்பவன் அவன். விருது கொடுத்தவர்கள் மெடூசாவுக்காகக் கொடுத்திருப்பார்கள். எங்களை நிறுத்திவைத்தது இந்தப் பக்கங்கள். அங்கே ‘கள்ளத்தோணி’, ‘இந்தியாக்காரன்’ என்று ஏசப்பட்டவர்கள், இங்கே வந்து இறங்கிய நாள்முதல் ‘சிலோன்காரர்கள்’ ஆனார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களைக் குடியமர்த்துவதற்காகவே 1968இல் தொடங்கப்பட்டன. அரை நூற்றாண்டு கடந்தும் பெயர் மாறவில்லை. பள்ளியில் எங்களையும் அப்படித்தான் அழைத்தார்கள், நாங்கள் இம்மலையிலேயே பிறந்தவர்களாயினும்.

முதன்மை விதி புனைவோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கலம் வியாழனின் மேகங்களுக்குள் இறங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் செய்தி அனுப்பிவிட்டு ஓய்ந்தது. அதன் வழியில் மெடூசா எதுவும் குறுக்கிடவில்லை. தாய்க்கலம் மேலும் எட்டாண்டுகள் சுற்றியது. எரிபொருள் தீரும் நிலை வந்தபோது ஒரு கவலை எழுந்தது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் உண்டு என்பதற்கு அக்கலமே சான்று திரட்டியிருந்தது. கட்டுப்பாடிழந்த கலம் என்றேனும் அதில் மோதி, ஒட்டிவந்த பூமியின் நுண்ணுயிர்கள் அக்கடலில் கலந்துவிட்டால்? அங்கே உயிர் உண்டா என்பதே தெரியாது. இருக்கலாம் என்பது போதுமானதாயிற்று. 2003 செப்டம்பர் 21 அன்று கலத்தை வியாழனுக்குள்ளேயே செலுத்தி அழித்தார்கள். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியதும் அதே 2003இல்தான். 1948இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள்.

யூரோப்பாவைக் காப்பாற்றுவதற்காகக் கலத்தை வியாழனில் போட்டார்களே, மெடூசாவின் தலையில் அல்லவா போட்டிருக்கிறார்கள் என்றாள் முத்தோரையைச் சொன்ன அதே மாணவி. சிரித்தோம். மேகங்களைக் கடக்கும்போதே எரிந்து ஆவியாகிவிடும் என்று விளக்கம் சொன்னவர் கணக்கெழுதும் நண்பர். இப்போது 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் சென்றுகொண்டிருக்கிறது. 2030இல் வியாழனைச் சேரும். யூரோப்பாவில் அது இறங்கப்போவதில்லை. பலமுறை நெருங்கிக் கடந்து பார்த்துவிட்டு விலகும்.

அடுத்த கூட்டத்திற்கு அகநானூற்று 88ஐ முழுமையாக எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம். அசுணம் பறவைதான் என்று அஞ்சலக நண்பர் பிடிவாதமாக இருக்கிறார். உரைநூல்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவையும் அழைத்திருக்கிறோம். கொழுந்துக் காலம் முடிந்தால் வருகிறேன் என்றிருக்கிறார்.